கதிரை கேட்பதும் யன்னல் கேட்பதும் உரிமையே

(முகத்துவாரத்தில் உத்தியோகத்தரும் கடைச் சிப்பந்திகளும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பை அளித்திருக்கும். அரசியல் ஊழியர் மேடை ஏறினால் மொழியுரிமையைப் பேசுவர், காணியுரிமையைப் பேசுவர், நெல்லின் விலையைப் பேசுவர். நாமோ கதிரையையும் யன்னலையும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். "அப்புக்காத்தருக்கு இப்பொழுது வழக்குகள் குறைவு போலும்" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகின்றது. வழக்குகளுக்குக் குறைவில்லை. அவ்வழக்குகளுக்காக வந்தவர்கள் நாள் முழுதும் நின்று கால் கடுக்கும் விறாந்தைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்தே நம் சிந்தனை இத்திசையிற் சென்றது என்று அவருக்கு மறுமொழி கூறிக்கொண்டு விடயத்துக்கு வருவோம்.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரமொன்றுக்கு 45 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. லீவு நாட்களைக் கழித்து ஆண்டுக்கு 48 வாரம் என்று கொள்வோம். முப்பது ஆண்டு உத்தியோகம் பார்க்கும் ஒருவர் 64,800 மணி நேரத்தைக் கந்தோரிற் கழிக்கின்றார். இரவு பகலாகக் கூட்டிப் பார்த்தால் 2,700 நாட்கள்; ஏழு ஆண்டுகளுக்கும் மேலே. இவ்வேழு ஆண்டுகளையும் அவர் கழிக்கும் அறையை அவர் தெரிந்தெடுத்ததில்லை. மேசையை எங்கே போடுவது, யன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவரை எவரும் கேட்டதில்லை. நாட்டில் ஒருவன் குற்றம் செய்து ஏழாண்டு சிறை சென்றால் அச்சிறை அறையின் அகல நீளத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஆட்கள் உண்டு. குற்றமேதும் செய்யாத எழுதுவினைஞரின் அறையைப் பற்றி யார் கேட்கின்றனர்?

கந்தோர் என்னும் சொல்லையே பாருங்கள். அதை ஒல்லாந்தர் விட்டுச் சென்றனர். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், விறாந்தை என்பன போர்த்துக்கேயர் தந்தவை. சொல்லோடு பொருளும் வந்தது. அப்பொருளை எவ்விடத்தில் வைப்பது, யார் இருப்பது, யார் நிற்பது என்னும் அதிகாரமும் கூடவே வந்தது. வெள்ளையர் கப்பலேறிப் போனபின்னும் அவ்வதிகாரம் மேசையோடு மேசையாக இங்கேயே தங்கிவிட்டது.

மாட்டுக்குக் கொட்டில் போடும் அறிவு

கூட்டத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்திருக்கும் கமக்காரர் சிலரைக் காண்கின்றோம். அவர்களை ஒன்று கேட்போம். மாட்டுக் கொட்டில் போடும்பொழுது நீங்கள் என்ன செய்கின்றீர்கள்? சோளகம் எப்பக்கம் வீசும், வாடை எப்பக்கம் அடிக்கும் என்று பார்க்கின்றீர்கள். நிலம் சற்றே சரிந்திருக்க வேண்டும், சலம் தேங்கக் கூடாது என்று மண்ணைச் சீர் செய்கின்றீர்கள். தொட்டியை மாட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் வைக்கின்றீர்கள். கூரையை மிகத் தாழ்த்தினால் வெக்கையில் மாடு பால் வற்றிப் போகும் என்பதை உங்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கவில்லை.

நம் முன்னோர் இவ்வறிவை மாட்டோடு நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்து வீதியோரங்களிற் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை அப்படியே நகர்த்தி இறக்கவும், களைப்பாறி மீண்டும் தூக்கவும் ஏற்ற உயரத்தில் அக்கல் நிற்கும். மேய்ந்து வரும் பசு உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் நட்டார்கள். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கச் சங்கடப் படலைக்குக் கூரை போட்டார்கள். பருத்தித்துறையிலே தெருவையே மூடி மடம் கட்டினார்கள். வேலை செய்யும் உடல் எவ்விடத்தில் நோகும், எவ்விடத்தில் ஆறும் என்பதை அளந்து பார்த்துச் செய்த வேலைகள் இவை. பெயர் தெரியாத தச்சரும் கல்வேலைக்காரரும் செய்தவை.

சுமைதாங்கி கட்டிய மக்களின் பேரப்பிள்ளை இன்று படித்து உத்தியோகத்தனாகிக் கழுத்து நோவோடும் முதுகு நோவோடும் வீடு வந்து சேர்கின்றான். அவனுடைய மேசையின் உயரத்தை அளந்தவர் ஒருவருமில்லை.

குனிய வைக்கும் துளை

அரசாங்கக் கந்தோர்களின் முன்பக்கத்தை நோக்குவோம். பழைய கச்சேரியின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நடுவே நீண்ட தடுப்பு. அப்பால் எழுதுவினைஞர்கள். எல்லாருக்கும் பின்னே, எல்லாருடைய முதுகும் தெரியும்படி பிரதம லிகிதரின் மேசை. இப்பால் பொதுமக்கள். தடுப்புக்கு மேலே பின்னாளிற் கண்ணாடி வந்தது. அக்கண்ணாடியில் ஒரு துளை வந்தது. அத்துளை எவ்வுயரத்தில் இருக்கின்றது என்று கவனித்திருக்கின்றீர்களா? உள்ளே இருப்பவர் கதிரையில் இருக்கின்றார். ஆகவே துளை அவருடைய வாய்க்கு நேரே. வெளியே வருபவர் நிற்கின்றார். ஆகவே அவர் குனிந்தே பேச வேண்டும். எழுபது வயதுக் கமக்காரர், தம் ஊரிலே கோயில் தருமகர்த்தாவாக இருப்பவர், இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு முன்னாலே வளைந்து நின்று தம் காணியைப் பற்றி விண்ணப்பம் செய்கின்றார். அவ்வாறு குனிய வேண்டுமென்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை; எந்த அமைச்சரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. தச்சர் ஒருவர் ஓரடி கீழே துளைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இதற்காக உள்ளே இருக்கும் எழுதுவினைஞரைக் குறை கூறுவது நீதியன்று. அவருடைய பக்கத்தையும் பாருங்கள். கண்ணாடியினூடே பேச்சுக் கேட்பதில்லை. ஆகவே உரத்துக் கேட்கின்றார். வெளியே நிற்பவருக்கு அது கோபமாகத் தோன்றுகின்றது. அவரும் உரத்து மறுமொழி சொல்கின்றார். வரிசை என்று ஒன்று இல்லாமையால் பத்துப் பேர் ஒரே வேளையில் கைகளை நீட்டுகின்றனர். இத்தனை முகங்கள் தம்மையே பார்த்திருக்க, பின்னாலே மேலதிகாரியின் பார்வையும் முதுகிற் பட, ஒரு மனிதர் எத்தனை மணி நேரம் இன்முகத்தோடு இருக்க இயலும்? பத்து மணிக்கு மரியாதையாகப் பேசியவர் இரண்டு மணிக்குச் சீறுகின்றார். நாம் அதை அவருடைய குணம் என்கின்றோம். சில இடங்களில் அவ்வாறும் இருக்கலாம்; ஆயினும் பெரும்பகுதி அவ்விடத்தின் குணம். இலக்கச் சீட்டு ஒன்று கொடுத்து, நாலு வாங்கு போட்டு, தடுப்பை மேசை உயரத்துக்கு இறக்கி, இப்பக்கமும் ஒரு கதிரை வைத்துப் பாருங்கள். அதே எழுதுவினைஞர், அதே சம்பளத்துக்கு, வேறு மனிதராகப் பேசுவார்.

இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமற் போவதற்கில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. எந்த மேசைக்குப் போவது என்பதைக் காட்டும் பலகையும் கந்தோர் அமைப்பின் ஓர் உறுப்பே. அப்பலகை வந்தவருக்கு விளங்கும் மொழியில் இல்லையாயின் அவர் மேசை மேசையாக அலைவார். ஒவ்வொரு மேசையிலும் இருப்பவருடைய வேலை தடைப்படும். பலகைக்கு ஆகும் வர்ணச் செலவையும், தடைப்பட்ட வேலையின் செலவையும் எந்தக் கணக்காளராவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

காற்றை விலைக்கு வாங்கும் நகரம்

களனி கங்கை கடலோடு சேரும் வாயிலில் நாம் கூடியிருக்கின்றோம். முகத்துவாரம் என்ற பெயரே அதனால் வந்தது. கடலிலிருந்து வரும் காற்றுக்கு நாம் யாரும் வரி செலுத்துவதில்லை. இவ்விடத்திலிருந்து சில மைல் தெற்கே கோட்டைப் பகுதிக்குப் போனால் அக்காற்று உட்புக வழியில்லாத கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. 1997இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் 39 மாடி இரட்டைக் கோபுரங்கள் வழிகாட்ட, அதன்பின் எழுந்தவை பல. கொழும்பின் சராசரி வெப்பம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 27 பாகை சென்ரிகிரேட். அவ்வெயிலைக் கண்ணாடி வழியாக உள்ளே வரவிட்டுப் பின்பு மின்சாரம் செலவிட்டு வெளியே தள்ளுகின்றோம்.

இம்முறை எங்கிருந்து வந்தது? குளிருக்கு அஞ்சிய நாடுகளிலிருந்து வந்தது. பிரித்தானியாவின் 1963ஆம் ஆண்டு அலுவலகங்கள், கடைகள், புகையிரத வளவுகள் பற்றிய சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேலை தொடங்கி ஒரு மணி நேரத்தின் பின் அறையின் வெப்பம் 16 பாகைக்குக் குறையலாகாது என்றது. ஒருவருக்கு 40 சதுர அடி இடம் வேண்டும் என்றும் அது கணக்கிட்டது. அந்நாட்டில் இவ்விதி பெரிய முன்னேற்றமே. ஆயினும் வெப்பத்துக்குக் கீழ் எல்லை வைத்தவர்கள் மேல் எல்லை வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு அன்று தோன்றவில்லை. குளிரை வெளியே நிறுத்தும் பெட்டியாகக் கந்தோரை நினைத்தவர்களின் வரைபடத்தை, வெயிலை வெளியே நிறுத்த வேண்டிய நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

குளிரூட்டிய அறையில் எல்லாரும் சுகமாக இருக்கின்றனர் என்று வெளியே நிற்பவர்கள் நினைக்கின்றனர். உள்ளே வேலை செய்யும் பெண்களைக் கேளுங்கள். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணி வெயில் யன்னலுக்கு வெளியே எரிந்துகொண்டிருக்க, விரல் விறைத்துப் போய்த் தட்டச்சுச் செய்கின்றார்கள். அறையின் குளிரை நிர்ணயிக்கும் கணக்கு 1960களில், நாற்பது வயதுடைய, எழுபது கிலோ நிறையுடைய ஓர் ஆணின் உடலை அளவாகக் கொண்டு அமைந்தது என்பதையும், பெண்ணுடலின் வெப்பம் அக்கணக்கிற் பிழையாகவே மதிக்கப்பட்டது என்பதையும் 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். சட்டத்தின் முன் யாவரும் சமன் என்று படிக்கின்றோம். குளிரூட்டியின் முன் அச்சமத்துவம் இன்னும் வரவில்லை.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. விறாந்தையும் யன்னலும் உள்ள பழைய கட்டடங்களில் மக்கள் வேர்த்துக்கொண்டாயினும் வேலை செய்தனர். திறவாத கண்ணாடிக் கட்டடத்திலோ, மின் இயந்திரத்துக்கு டீசலும் கிடைக்காத நிலையில், மூச்சு முட்டிக் கீழே இறங்கினர். அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பயிர் செய்யலாம் என்று லீவும் கொடுக்கப்பட்டது. கந்தோருக்குள் அடைபட்டிருந்தவரைத் தோட்டத்துக்கு அனுப்ப ஒரு பஞ்சம் வர வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையின் தொடர்மாடி வீட்டில் அவர் எவ்விடத்திற் பயிர் செய்வார் என்பதை மட்டும் சுற்றறிக்கை சொல்லவில்லை.

"இந்த வெயிலில் வேறு வழி என்ன?" என்று கேட்போருக்கு மறுமொழி கொழும்பிலேயே நிற்கின்றது. ஹைட் பார்க் கோணருக்குப் போய்ப் பாருங்கள். 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காகக் கட்டப்பட்ட பன்மாடிக் கட்டடம் அங்கே உண்டு. அதை வரைந்தவர் ஜெப்ரி பாவா. சட்டத்தரணிகளாகிய நமக்கு இவரிடம் தனியான உரிமை ஒன்று உண்டு. அவரும் சட்டம் படித்தவர். 1944இல் இலண்டனில் பாரிஸ்டராகி, கொழும்பிலும் சிறிது காலம் அத்தொழிலைப் பார்த்துவிட்டு, அதிலே மனம் பற்றாமல் 1957இல், தம் முப்பத்தெட்டாம் வயதிற் கட்டடக் கலைஞரானவர். நம் தொழில் இழந்ததை நாடு பெற்றுக்கொண்டது. அவருடன் நெடுங்காலம் பங்காளராக இருந்து, அவர் வரைந்தவற்றை நிற்கச் செய்தவர் பூலோகசுந்தரம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர். பாவாவின் பெயரைத் தெரிந்தவர்களிற் பலர் இவர் பெயரை அறியார். ஆகவே இம்மேடையிற் சொல்லி வைக்கின்றோம்.

அக்கட்டடம் வெயிலின் போக்கையும் காற்றின் போக்கையும் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டது. அகலம் குறைவு, ஆதலால் நடுவில் இருப்பவருக்கும் இரு புறத்து வெளிச்சமும் எட்டும். மழை பெய்யும்பொழுது யன்னலை மூடினாலும் காற்று வருவதற்கெனத் தனி வழிகள் சுவரிலேயே வார்க்கப்பட்டன. மேலைநாட்டார் எரிபொருள் விலையேற்றத்தால் விழித்து, இயற்கைக் காற்றில் இயங்கும் உயர்ந்த கட்டடங்களைப் பற்றிப் பின்னாளிற் பேசத் தொடங்கியபொழுது, இதை முன்னோடி என்று எடுத்துக்காட்டினர். நம் நாட்டாரோ அதன் பின்னும் கண்ணாடிப் பெட்டிகளையே கட்டினர். கண்ணாடி பளபளக்கின்றது, காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

யன்னல் காற்றுக்கு மட்டுமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை ஒரே வகைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை ரொஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். பாதிப்பேரின் யன்னல் மரங்களை நோக்கியது. மறுபாதிப்பேரின் யன்னல் செங்கற்சுவரை நோக்கியது. மரத்தைப் பார்த்தவர்கள் முந்தி வீடு சென்றனர். கடுமையான நோமருந்தும் குறைவாகவே கேட்டனர். நோயாளிக்கு மரம் மருந்தானால், ஏழாண்டு அடைபட்டிருக்கும் எழுதுவினைஞருக்கு அது ஆடம்பரமாகுமோ?

சுவரை இடித்தால் நட்பு வளருமா?

இப்பொழுது தனியார் கம்பனிகளில் ஒரு புதுமை பேசப்படுகின்றது. அறைகளை இடித்துவிட்டுப் பெரிய மண்டபம் ஆக்கினால் ஊழியர் ஒருவரோடொருவர் கலந்து பழகுவர், சமத்துவம் வளரும், யோசனைகள் பெருகும் என்கின்றனர். இதிற் புதுமை இல்லை. 1906இலேயே அமெரிக்காவின் பவலோ நகரில் பிராங்க் லொயிட் ரைட் ஒரு தபால் வியாபாரக் கம்பனிக்கு நடுவே மேலிருந்து ஒளி விழும் பெருமண்டபம் கட்டி, வரிசை வரிசையாக எழுதுவினைஞரை இருத்தினார். 1950களின் இறுதியில் ஜெர்மானியர் மேசைகளை ஒழுங்கற்றுப் பரப்பிச் செடித்தொட்டிகளை இடையில் வைத்து அதற்கு நிலக்காட்சி என்று பெயரிட்டனர். 1960களில் ரொபேட் புரொப்ஸ்ட் என்னும் அமெரிக்கர், ஊழியர் விரும்பியபடி நிற்கவும் இருக்கவும் மாற்றவும் ஏற்ற தடுப்புப் பலகைகளை ஆக்கினார். நல்லெண்ணத்தோடு செய்தார். கம்பனிகள் அப்பலகைகளை வாங்கி, எத்தனை மனிதரை எத்தனை சிறிய கூண்டில் அடைக்கலாம் என்ற கணக்குக்குப் பயன்படுத்தின. தாம் பெற்ற பிள்ளையின் போக்கைக் கண்டு அவர் முதுமையில் மனம் நொந்தார்.

இப்பெருமண்டபத்தால் பழக்கம் வளர்ந்ததா என்பதை ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ன்ஸ்டைன், ரேர்பன் என்னும் இருவர் இரண்டு பெரிய கம்பனிகளில் அளந்து 2018இல் வெளியிட்டனர். அறைகள் போய் மண்டபம் வந்தபின் நேர்முகப் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. ஊழியர் பக்கத்து மேசைக்காரருக்கும் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினர். எல்லார் காதும் திறந்திருக்கும் இடத்தில் யார் வாய் திறப்பார்? காதுக்குச் செருகி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திரையில் நாட்டிக்கொண்டு, மனத்தாலே சுவர் எழுப்பிக்கொள்கின்றனர்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அதே பேர்ன்ஸ்டைன் சீனத்தின் தென்பகுதியில் தொலைபேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வேலை செய்யும் சில அணிகளைச் சுற்றித் திரை கட்டச் செய்தார். மேற்பார்வையாளரின் கண் மறைந்தது. சோம்பல் வந்ததா? திரைக்குள் இருந்தவர்கள் 10 முதல் 15 சதவீதம்வரை அதிகமாக வேலை செய்தனர். தமக்குத் தெரிந்த எளிய வழிகளை, 'இது விதியில் இல்லையே' என்று கேட்பாரின்றிச் செய்து பார்க்க முடிந்தது. மேற்பார்வை இல்லாவிடின் தொழிலாளி தூங்குவான் என்பது முதலாளியின் வேதவாக்கு. அவ்வேதத்துக்கு ஒரு திரைச்சீலை மறுப்புரை எழுதிவிட்டது. நம் வயலிலும் இதைக் காணலாம். வரம்பில் நின்று ஒருவர் ஓயாது ஏவிக்கொண்டிருந்தால் நாற்று நடுபவர்களின் பாட்டு நிற்கும்; பாட்டு நின்றால் கையும் தளரும்.

அதனால் அறைதான் நல்லது, மண்டபம் தீது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. நம் நாற்சார் வீட்டில் நடுமுற்றமும் உண்டு, நாலு புறமும் அறையும் உண்டு. கூட வேண்டிய வேளையில் முற்றத்தில் கூடினர். ஒதுங்க வேண்டிய வேளையில் ஒதுங்கினர். எப்பொழுது எது வேண்டும் என்பதை வீட்டிலிருந்தவர்களே முடிவு செய்தனர். கந்தோரில் அம்முடிவு ஊழியரிடம் இல்லை என்பதே நாம் சுட்டும் குறை.

நிற்கும் பெண்கள்

இதுவரை இருந்து வேலை செய்வோரைப் பற்றிப் பேசினோம். இருக்கவே இடமில்லாதோர் உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கமும் துணிக்கடைகள். மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் பலர் அவற்றில் வேலை செய்கின்றனர். சேலை எடுக்கப் போகும் தாய்மாரை மெத்தை விரித்து உட்கார வைப்பார்கள். விரித்துக் காட்டும் பிள்ளை நிற்கும். வாங்குவோர் இல்லாத வேளையிலும் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கும் கடைகளை நாம் அறிவோம். பெயர் சொல்ல இது இடமன்று. இருந்தால் சோம்பேறி என்று வாடிக்கையாளர் நினைப்பராம். இப்படி நின்று நின்று கால் நரம்பு முடிச்சுப் போட்டுப் போன இருபத்திரண்டு வயதுப் பெண்களை நாம் பார்த்திருக்கின்றோம்.

இதற்குச் சட்டம் இயற்றுவது விந்தையான காரியமா? பிரித்தானியர் 1899இலேயே கடைகளில் மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனம் வைக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். 1964இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் நிறைவேற்றிய 120ஆம் உடன்படிக்கை, வர்த்தக நிலையங்களிலும் அலுவலகங்களிலும் காற்று, வெளிச்சம், குடிநீர், சத்தம் என்பவற்றோடு ஆசனத்தையும் ஒரு விடயமாகவே எடுத்துக்கொண்டு, போதிய ஆசனம் வேண்டும், அதில் இருக்க நியாயமான வாய்ப்பும் வேண்டும் என்றது. ஆசனத்தை மூலையில் வைத்துவிட்டு இருக்க விடாத முதலாளியையும் அவ்வாசகம் நினைவில் வைத்திருக்கின்றது.

அயலிலே நடந்ததைக் கேளுங்கள். கேரளத்தின் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிவறை இல்லாமையையும் இருக்க விடாமையையும் எதிர்த்து எழுந்தனர். அவர்களைச் சேர்த்தவர் விஜி என்னும் தையற்காரி. பெரிய சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாகவே முதலில் மதிக்கவில்லை. கதிரைக்காகப் போராட்டமா என்று சிரித்தனர், இன்று நம் பின்வரிசை நண்பர் சிரித்ததுபோல. 2018இல் கேரள அரசாங்கம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்து சட்டமாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியருக்கும் ஏற்ற ஆசனம் வைக்க வேண்டும். வேலையினிடையே கிடைக்கும் வேளையில் அவர்கள் இருந்துகொள்ளலாம் என்கின்றது அதன் 22-ஏ பிரிவு. பெண்களுக்கு மட்டுமன்று, எல்லா ஊழியருக்கும். சென்னை இரங்கநாதன் தெருக் கடைப்பிள்ளைகளின் வாழ்வை 2010இல் 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் காட்டியபொழுது கண்ணீர் விட்டவர்கள் பலர். கண்ணீர் சட்டமாகப் பதினோர் ஆண்டு சென்றது.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் நாட்டில் வர்த்தகக் கந்தோர் ஊழியருக்குச் சங்கம் இல்லாமல் இல்லை. 1928இல் தொடங்கிய இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தை 1948 முதல் 2014இல் மறையும்வரை நடத்தியவர் பாலா தம்பு. அவரும் ஒரு தமிழர்; அவரும் ஒரு சட்டத்தரணி. சம்பளம், பஞ்சப்படி, வேலைநீக்கம் என்று எத்தனையோ போராட்டங்களைச் சங்கங்கள் நடத்தின. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ்க் கூட்டு ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. அவ்வொப்பந்தங்களிற் சம்பள அட்டவணையைத் தேடுவது எளிது. யன்னலைத் தேடுவது அரிது. மேசையும் வெளிச்சமும் முதலாளியின் சொந்தக் காரியம் என்று சங்கக்காரரும் ஏற்றுக்கொண்டதுபோலத் தோன்றுகின்றது. அதை நாம் ஏற்கவில்லை. 45 மணி நேரத்துக்கு உழைப்பை விற்றோம். கண்ணையும் முள்ளந்தண்டையும் விற்கவில்லை.

முதலாளிமாரிடம் ஒரு சொல். நீங்கள் இதைத் தருமமாகச் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹோதோர்ன் என்னுமிடத்துத் தொழிற்சாலையில் 1924இல் விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் பரிசோதித்தபொழுது, கூட்டினாலும் வேலை பெருகியது, குறைத்தாலும் பெருகியது என்று கதை சொல்வர். தங்களைப் பற்றி யாரோ அக்கறை கொண்டனர் என்பதே தொழிலாளரை ஊக்கியது என்று அதற்குப் பொருள் கூறினர். பின்வந்த அறிஞர் அக்கணக்குகளை மறுபடி பார்த்து, முடிவு அத்துணைத் தெளிவானதன்று என்றனர். ஆகவே அக்கதையைக் காட்டி ஒரு நாள் விருந்து வைத்துவிட்டு அக்கறை காட்டிவிட்டோம் என்று சொல்ல வேண்டாம். கதிரையை மாற்றுங்கள்.

சட்டம் திருத்தப்பட வேண்டுமாயின் 'போதிய', 'தகுந்த' என்னும் சொற்களோடு நிறுத்தக் கூடாது என்பது நம் துணிவு. போதியது எவ்வளவு என்று நீதிமன்றத்தில் வாதாட நமக்கு நல்ல வருமானம் வரும். ஊழியருக்குக் காற்று வராது. ஒருவருக்கு எத்தனை சதுர அடி, அறை எத்தனை பாகைக்கு மேலே போகக் கூடாது, எத்தனை பேருக்கு எத்தனை ஆசனம், மின்சாரம் நின்றால் திறக்கக்கூடிய யன்னல் எத்தனை என்று எண் இட்டு எழுத வேண்டும். எண்ணை அளவுநாடாவால் அளக்கலாம்.

அதற்கு முன் நம்மிடம் கணக்கு வேண்டும். இக்கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் அறையின் நீள அகலம், அதில் இருப்போர் தொகை, திறக்கக்கூடிய யன்னல்களின் தொகை, வெளியே காத்திருப்போருக்கு உள்ள வாங்குகளின் தொகை ஆகிய நான்கையும் எழுதித் தாருங்கள். கமக்காரர்கள் தங்கள் கமநல சேவை நிலையத்தையும் பிரதேச செயலகத்தையும் அளந்து அனுப்புங்கள். துளையின் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் போட அஞ்சுவோர் பெயரின்றித் தரலாம். வெள்ளவத்தைக் கடைகளின் விபரம் மட்டும் சற்று விரைவாக வேண்டும். தீபாவளி வியாபாரம் தொடங்கினால் அப்பிள்ளைகள் இரவு வரை நிற்க வேண்டிவரும்; அதற்கு முன்னரே கடைச் சொந்தக்காரரை நேரிற் கண்டு பேசுவது என்று தீர்மானித்திருக்கின்றோம். கூட வருவதற்குத் தாய்மார் பத்துப் பேர் தேவை. சேலை வாங்குபவர்கள் கேட்டால் கதிரை விரைவில் வரும்.